சில்க் போர்டா, மேடவாக்கமா?

ஒரு பெருநகரத்துக்காரரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமானால் அவர் ஊர் டிராஃபிக்கைப் பற்றி விசாரித்தால் போதும். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறவர்கூட, "ஆபீஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுது?" என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். குரலில் புலம்பல் இருக்கும், முகத்தில் பெருமை வழியும். நேற்று எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றார், போன மழைக்கு எந்தப் பாலத்தடியில் மாட்டினார் என்பதெல்லாம் தேதிவாரியாக வரும். நடுவில், "அப்படியா? எங்க ஊர்ல..." என்று நீங்கள் வாயெடுத்தால் தொலைந்தீர்கள். தன் ஊரைவிட இன்னொரு ஊரில் அதிகமாக வண்டி நிற்கிறது என்று எந்த நகரத்துக்காரரும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது எங்கள் கம்பெனியின் புண்ணியத்தில். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கிளையை மூடப்போவதாகவும், கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் சென்னை கிண்டிக்கோ பெங்களூரு வெளிவட்டச் சாலைக்கோ மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்றும், மாதக் கடைசிக்குள் எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. சம்பளம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

"சம்பளம் ஒண்ணுதான்னா எங்க டிராஃபிக் கம்மியோ அங்க போயிடலாங்க" என்றாள் மனைவி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் வேறு எதையும் பேசாமல் போனதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

நாங்கள் மணப்பட்டுக்காரர்கள். பாகூர் கொம்யூன். கடலூர் சாலையில் கன்னியக்கோயிலில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் எங்கள் ஊர். அதற்கும் கிழக்கே சவுக்குத் தோப்பு, பிறகு கடல். கிழக்கே போக வழி இல்லாததால் எங்கள் ஊரைக் கடந்து போகிறவர் என்று யாரும் கிடையாது. வருகிறவர் எல்லாம் எங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அல்லது குளிக்க வருகிறார்கள். ஊருக்குள் போக்குவரத்துப் பிரச்சினை என்றால் அறுவடைக் காலம்தான். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம் அல்லவா? களஞ்சியத்துக்குப் போகுமுன் நெல் தார்ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு காயும். ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். எதிரே டிராக்டர் வந்தால் இரண்டில் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். யார் போவது என்பது வண்டியின் அளவைப் பொறுத்ததல்ல, உறவுமுறையைப் பொறுத்தது. மாமன் முறை என்றால் டிராக்டரே பின்னால் போகும்.

கடலூர் சாலைக்கு வந்துவிட்டால் சட்டதிட்டம் வேறு. தெற்கே முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அரசு மதுக்கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். இந்தப் பக்கம் அவ்வளவு நேரம் காக்க வைப்பதில்லை, விலையும் குறைவு. பெட்ரோலும் இந்தப் பக்கம் மலிவு. ஆகவே எங்கள் பகுதியின் பீக் அவர் என்பதை அலுவலக நேரத்தை வைத்துக் கணக்கிட முடியாது. வண்டிக்கும் ஆளுக்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டு போக வருகிறவர்களின் தாகத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

வடக்கே போனால் கிருமாம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, தவளக்குப்பம், நோணாங்குப்பம் படகுத்துறை, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், பிறகு மரப்பாலம். நூறடிச் சாலை பிரியும் அந்த மரப்பாலம் சிக்னலைத்தான் தினமும் நான் கடக்கிறேன். கடலூர் தனியார் பஸ்கள் இரண்டு ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். முன்னால் வந்தது நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும். பின்னால் வந்தது அதற்கு வலப்பக்கம் வந்து நின்று ஆள் இறக்கும். இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருப்பதுதான் சாலை; அதில் ஒரு டெம்போவும் நானும். சனி ஞாயிறு என்றால் இதில் பாதி வண்டி கே.ஏ. நம்பர் பிளேட். பெங்களூரு நெரிசல் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, நோணாங்குப்பம் பாலத்தில் வந்து நின்று, "ஆஹா, இங்கே எவ்வளவு அமைதி" என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள்.

இத்தனைக்கும் நடுவே இருபது வருஷமாக அலுவலகம் போய் வந்த எனக்கு இரண்டு நகரங்களை ஒப்பிடும் தகுதி உண்டு என்றுதான் நினைத்தேன். மகள் அதை ஏற்கவில்லை. "அப்பா, இதுக்கெல்லாம் உலக அளவுல லிஸ்ட் இருக்கு" என்று கைப்பேசியை நீட்டினாள்.

உண்மைதான், இருக்கிறது. நெதர்லாந்தில் டாம்டாம் என்றொரு நிறுவனம் வருஷா வருஷம் உலக நகரங்களின் நெரிசலைக் கணக்கெடுத்து வரிசை போடுகிறது. ஓடுகிற வண்டிகளின் ஜி.பி.எஸ். தகவலை வைத்து, பத்து கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் 2024ஆம் ஆண்டுக் கணக்கு. அந்தப் பட்டியலில் முதலிடம் கொலம்பியாவில் உள்ள பாரன்கியா. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாடகி ஷகிரா பிறந்த ஊர் என்று மகள் சொன்னதும் அவள் அம்மா மட்டும் தலையை ஆட்டினாள். இரண்டாமிடம் கொல்கத்தா. மூன்றாமிடம் பெங்களூரு: பத்து கிலோமீட்டருக்கு 34 நிமிடம் 10 விநாடி. நான்கு புனே. ஹைதராபாத் பதினெட்டு. சென்னை முப்பத்தொன்று, நேரம் 30 நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

"அப்போ ரெண்டுக்கும் எத்தினி வித்தியாசம்?" என்று அம்மா கேட்டாள்.

"நாலு நிமிஷம்மா. கொஞ்சம் குறைய."

"நாலு நிமிஷத்துக்கா ஒரு வாரமா சோறு தின்னாம பேசிக்கினு கெடக்கறீங்க? நான் தலை வாரவே அதுக்கு மேல ஆவும்."

அம்மா சொன்னதுதான் கடைசியில் சரி. ஆனால் வீட்டில் பெரியவர்கள் சொல்வதை அன்றைக்கே கேட்டால் ஆராய்ச்சி எப்படி வளரும்? பட்டியலைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்.

முதலில் பொங்கியது அக்கா. அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து மேடவாக்கம். பெங்களூரு மூன்றாமிடத்தில் இருக்க, சென்னையை முப்பத்தொன்றில் போட்டது அவளுக்குப் பொறுக்கவில்லை. "எவண்டா எண்ணினான்? மேடவாக்கம் கூட்ரோட்டுக்கு வந்தானா அவன்?" என்று குரல் பதிவு வந்தது. அங்கே 2022இல் பெரிய மேம்பாலம் ஒன்று திறந்தார்களே, நெரிசல் குறையவில்லையா என்று கேட்டேன். "கொறைஞ்சுது. முன்னாடி பாலத்துக்கு இந்தாண்ட நிப்போம். இப்ப சீக்கிரமா மேல ஏறி இறங்கி அந்தாண்ட நிக்கிறோம்" என்றாள்.

பாலங்களைப் பற்றி அக்காவுக்கு இன்னொரு கருத்தும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. அத்தானும் ஒருவர். வண்டி ஓடுவதற்கென்று கட்டிய பாலத்தில் வண்டிகள் நிற்கின்றன. அந்த இரண்டு நாளும் அத்தான் அலுவலகத்துக்கு நடந்து, நனைந்து, பஸ் பிடித்துப் போனார். "கார் பத்திரமா இருந்துச்சு, அதான் முக்கியம்" என்பது அவர் கட்சி.

அக்காவின் குரல் பதிவு முடியுமுன் சித்தப்பா மகன் குழுவில் இறங்கினான். அவன் இருப்பது பெங்களூரு மாரத்தஹள்ளி. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பார்த்தது டிராஃபிக் இல்ல, கூட்டம்" என்று ஆரம்பித்தான். அவன் கையில் ஆவணம் இருந்தது. 2019ஆம் ஆண்டுக்கான இதே பட்டியலில் உலகத்திலேயே முதலிடம் பெங்களூருக்கு; காலியான சாலையில் ஆகும் நேரத்தைவிட 71 சதவீதம் அதிகம் என்று கணக்கு. "உலகத்துலயே ஃபர்ஸ்ட்" என்பதைத் தனியாக இன்னொரு முறை அனுப்பினான். ஒலிம்பிக் பதக்கத்துக்குக்கூட அவன் இவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு வெளிவட்டச் சாலைக் கதைக்கு வந்தான். அங்கே இப்லூர் சந்திப்பில் நெரிசல் முற்றிப்போய், 2025 செப்டம்பரில் கர்நாடக முதல்வர் சித்தராமையா விப்ரோ நிறுவனத்தின் அசீம் பிரேம்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் சர்ஜாபூர் சாலை வளாகத்துக்குள் புகுந்து வண்டிகள் போக அனுமதித்தால் அந்தப் பகுதியின் நெரிசல் 30 சதவீதம் வரை குறையும் என்பது கோரிக்கை. பிரேம்ஜி மரியாதையாக மறுத்துவிட்டார்: அது தனியார் சொத்து, சிறப்புப் பொருளாதார மண்டலம், பொதுவழியாக விட முடியாது.

இதைக் கேட்டதும் எங்கள் தெருப் பெரியவர்கள் கொஞ்ச நேரம் உற்சாகமானார்கள். அடுத்தவன் களத்தில் வழி கேட்பதும், அவன் மறுப்பதும், பிறகு தலைமுறை தலைமுறையாக ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருப்பதும் பாகூர் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் வழி கேட்டு ஒரு முதலமைச்சரே எழுதினார், எதிர்க்கட்சிக்காரர் பிரேம்ஜி என்றதும், "இருந்தாலும் ஒரு மாட்டு வண்டி போற அளவுக்காவது உட்டிருக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

இந்தச் சண்டையில் மூன்றாவது கட்சி ஒன்று சேர்ந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா மாமா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாம் பாரிசுக்கு வடக்கே லா கூர்னேவில். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. பாரிசைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு ஒரு வட்டச் சாலை இருப்பதையும், 2024 அக்டோபரிலிருந்து அதில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு வந்ததையும் அவர்தான் சொன்னார். "ஐம்பதில் போகிற அளவுக்கு இடம் இருக்கா மாமா?" என்று மகள் கேட்டாள். "அதெல்லாம் ராத்திரியில" என்றார். சரி, அப்படியானால் பிள்ளைகள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள்? ரயிலில். ரயிலில் நெரிசல் இல்லையா? "இருக்கும். அடிக்கடி கிரேவ் வந்துடும், ஸ்ட்ரைக்கு. அன்னிக்கு ரயிலே இருக்காது. ரயிலே இல்லன்னா நெரிசல் எங்க?" என்று சிரித்தார். பாரிசில் போய்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு வந்திருந்தால் சரி.

எங்கள் வீட்டில் கைப்பேசி சிக்னல் மொட்டை மாடியில்தான் நன்றாகக் கிடைக்கும். காலை எட்டரைக்கும் மாலை ஆறரைக்கும் மாடிக்குப் போய் கூகுள் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கமாயிற்று. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் பெங்களூரு பெல்லந்தூர். பச்சை என்றால் ஓடுகிறது. ஆரஞ்சு என்றால் நகர்கிறது. சிவப்பு என்றால் நிற்கிறது. காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் ஒரு கருஞ்சிவப்பு உண்டு, அதற்கு என்ன பொருள் என்று எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. கொஞ்ச நாளில் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு எப்போது கறுக்கும், சென்னையின் கத்திபாரா எப்போது சிவக்கும், பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற கோடு எந்த நேரத்தில் ஆரஞ்சாகும் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாரத்தஹள்ளி தம்பியைக் கூப்பிட்டு, "இப்ப கிளம்பாதே, இப்லூர்ல சிவப்பு" என்று எச்சரிக்கை செய்தேன். "அண்ணே, நான் இப்லூர்லதான் நிக்கிறேன்" என்றான்.

வரைபடத்தில் இன்னொரு வசதி உண்டு. காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று குறித்தால், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லும். ஆனால் ஒரு நேரமாகச் சொல்லாது. இவ்வளவு நிமிடத்திலிருந்து அதைப்போல் இரண்டு பங்கு வரை ஆகலாம் என்று சொல்லும். செயற்கைக்கோள், கணினி, கோடிக்கணக்கான கைப்பேசிகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் அக்கா சொல்வதையே சொல்கின்றன: "முன்னப் பின்ன ஆகும்."

நெரிசலை வெல்ல மனிதகுலம் என்னென்ன செய்திருக்கிறது என்றும் மாடியில் படித்தேன். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 1992 முதல் 2016 வரை ஒரு விதி இருந்தது: முக்கியச் சாலைகளில் பீக் நேரத்தில் கார் போக வேண்டுமானால் உள்ளே மூன்று பேராவது இருக்க வேண்டும். வண்டி குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்குப் பதில் ஒரு தொழில் பிறந்தது. சாலை தொடங்கும் இடத்தில் ஆட்கள் நின்று விரலைக் காட்டுவார்கள். காசு கொடுத்தால் உங்கள் காரில் ஏறி மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வருவார்கள். கைக்குழந்தையோடு நின்றால் இரண்டு ஆள் கணக்கு. வேலை என்னவென்றால் ஏ.சி. காரில் சும்மா உட்கார்ந்திருப்பது. இதைச் சொன்னதும் எங்கள் தெரு இளைஞர்களில் இரண்டு பேர், அந்த விதியை மறுபடி கொண்டுவர வாய்ப்பிருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

இன்னொன்று கொஞ்சம் யோசிக்க வைத்தது. இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செட்டி 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். யாகோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளரின் கணக்குகளை அடிப்படையாக வைத்து அவர் சொன்னது இது: மனிதன் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் போக வரச் செலவிடுவது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம். நடந்த காலத்தில் பழைய ஊர்கள் ஐந்து கிலோமீட்டர் அகலத்தோடு நின்றன. டிராம் வந்தது, ரயில் வந்தது, கார் வந்தது. நேரம் மிச்சமாகவில்லை, ஊர்தான் அகலமாயிற்று. என் தாத்தா பாகூருக்கு நடந்து போய் வருவார். நான் மோட்டார் சைக்கிளில் மேட்டுப்பாளையம் போகிறேன். தூரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது, நேரத்தில் தாத்தாவுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் வழியில் நின்று நாலு பேரிடம் பேசினார். நான் மரப்பாலத்தில் நின்று யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் அது நல்ல வார்த்தையாக இருக்காது.

நெரிசலைக் குறைக்கப் பாலம் கட்டினால் பாலத்தை நம்பி இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி மனை விற்பார்கள். அதனால்தான் எல்லாப் பெருநகரமும் கடைசியில் பத்து கிலோமீட்டருக்கு அரை மணி என்ற இடத்தில் வந்து நிற்கிறது. மூன்றாமிடத்துக்கும் முப்பத்தொன்றாம் இடத்துக்கும் நாலு நிமிடம்தான் வித்தியாசம் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நேரில் பார்த்துவிடலாம் என்று முதலில் பெங்களூரு போனேன். மாலை ஐந்தரைக்கு மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை தம்பி என்னைக் காரில் அழைத்துப்போனான். போனோம் என்பதைவிட இருந்தோம் என்பது பொருந்தும். பக்கத்துக் காரில் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டு, மூடி, கையைத் துடைத்து, ஒரு வாழைப்பழமும் உரித்தார். அதுவரை எங்கள் இரண்டு வண்டிக்கும் இடையே இருந்த உறவு மாறவில்லை. முன்னால் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு பெண் மடிக்கணினியைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மெட்ரோவுக்கான தூண்கள். சில்க் போர்டு வழியாக மஞ்சள் பாதை மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. வெளிவட்டச் சாலைக்கான நீலப் பாதைதான் அப்போது இன்னும் வேலையில் இருந்தது. "நீலம் வந்துட்டா எல்லாம் சரியாயிடும் அண்ணே" என்றான். அவன் முகத்தில் அதைச் சொல்லும்போது லேசான வருத்தம் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டால் பிறகு குடும்பக் குழுவில் எதைப் பேசுவான்?

சென்னைக்கு மனைவியும் வந்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு போட்டு வைத்திருந்தார்கள். தடுப்புக்கு உள்ளே ராட்சத இயந்திரங்கள் ஓடுகின்றன, வெளியே நாங்கள் நிற்கிறோம். சென்னைக்காரர்கள் இதற்கெல்லாம் அசருவதில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் பாதையை 2008இல் கட்டத் தொடங்கினார்கள். ஐந்து கிலோமீட்டர் பாதை. அதில் அரைக் கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்தத் தூண்களைப் பார்த்தபடியே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போனவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு.

மறுநாள் காலையில் பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போனோம். கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். கூட்டம் என்றால் கூட்டம். பொதுப் பெட்டியில் நான் இரண்டு முழங்கைகளுக்கு நடுவே நின்றேன். இரண்டும் என்னுடையவை அல்ல. ஆனால் வண்டி நிற்கவில்லை. பக்கத்திலேயே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் கார்கள் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நம்மோடு சேர்ந்து நிற்காத டிராஃபிக்கைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. மறைப்பானேன்?

மனைவி பெண்கள் பெட்டியில் ஏறியிருந்தாள். கிண்டியில் இறங்கும்போது அவள் முகமே வேறாக இருந்தது. உள்ளே ஒரு அம்மாள் மடியில் செய்தித்தாளை விரித்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டு வந்தாராம். தண்டு தனி, இலை தனி. வேரை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாராம். எதிரே இன்னொருத்தி மல்லிகை கட்டினாள். பக்கத்திலிருந்த பெண் ஏதோ பரீட்சைக்குப் படித்தாள். என் மனைவி நின்ற இடத்தில் நாலு ஸ்டேஷனுக்குள் இரண்டு பேர் பழக்கமாகி, பல்லாவரத்தில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எது என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டாள்.

"அந்தம்மா தெனம் ரெண்டு கட்டு கீரை ஆஞ்சிடறாங்களாம். வூட்டுக்குப் போனா தாளிக்க வேண்டியதுதான்" என்றாள்.

டாம்டாம் பட்டியலில் இதற்கு ஒரு கலம் கிடையாது. பத்து கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அந்த நிமிடங்களில் கை இரண்டும் எங்கே இருந்தன என்று கேட்பதில்லை. ஸ்டியரிங்கில் இருந்தால் ஒரு கணக்கு, கீரையில் இருந்தால் ஒரு கணக்கு. சராசரி என்பதும் அப்படித்தான். பெங்களூரின் சராசரி வேகத்தில் பெங்களூரில் யாரும் போவதில்லை. மல்லேசுவரத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இரண்டு தெரு உள்ளவனுக்கு டிராஃபிக் என்பது செய்தித்தாளில் வருவது. முப்பத்தொன்றாம் இடத்துச் சென்னையில் மேடவாக்கத்திலிருந்து அம்பத்தூருக்குப் போகிறவருக்கு அதுவே பாதி ஆயுள். ஊரையும் ஊரையும் ஒப்பிடுவது பட்டிமன்றத்துக்கு ஆகும். குடிபோகிறவன் ஒப்பிட வேண்டியது கதவையும் கதவையும்.

கடைசியில் கிண்டி என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். வீடு பல்லாவரத்தில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில். தலைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் உண்டு. அதற்குப் பழகிவிடலாம் என்று வீட்டுக்காரர் கத்திச் சொன்னார். மாத சீசன் டிக்கெட் மோட்டார் சைக்கிளுக்கு டேங்க் நிரப்பும் காசுகூட இல்லை. மாரத்தஹள்ளி தம்பி இதைச் சொந்தத் தோல்வியாக எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் பேசவில்லை. அக்காவுக்கும் முழு திருப்தி இல்லை. மேடவாக்கம் இருக்க, தம்பி பல்லாவரம் போய், டிராஃபிக்கே பார்க்காமல் ரயிலில் போய் வருவதை அவள் சென்னையில் குடியிருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் மாறப்போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வீடு காட்டுவார்கள். "இங்கேருந்து ஆபீஸ் பதினைஞ்சே நிமிஷம் சார்" என்று கூடவே வண்டியில் வந்து நிரூபித்தும் காட்டுவார்கள். போகாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வரச் சொல்லுங்கள். முடிந்தால் மழை பெய்கிற திங்கட்கிழமையாகப் பாருங்கள். அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாசலில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். வாடகையை அதற்குப் பிறகு பேசலாம்.